சின்னவனுக்கு ஐந்து ரூபாய்

மகிழ்ச்சி, ஒரு சுற்று, பெரியவர் பத்து ரூபாய், சிறுவர் ஐந்து, ஐந்து வயதுக்குள் இலவசம்… அப்படித்தான் எழுதியிருக்கிறது மஞ்சள் பலகையில், எழுத்துக்கு மேலே ஒரு ரயில், அந்த ரயிலுக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்க வேறு விட்டிருக்கிறார்கள், பத்து ரூபாய்க்கு மகிழ்ச்சி கிடைக்கும் என்றால் எங்கள் அதிராம்பட்டினத்து ஆண்கள் எதற்காகப் பாலைவனத்தில் போய்ப் பாதி ஆயுள் வேகிறார்கள் என்று அந்தப் பலகையைப் பார்த்துக் கேட்கலாம்தான், ஆனால் என் வயிறு எரிவது பலகையால் இல்லை, என் புருஷனால், நெய்னா முகம்மது, இதோ எனக்கு முன்னால் சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் குனிந்து நிற்கிறவர், பெருநாளைக்கு எடுத்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு, அவர் இப்போது ஒரு காரியம் செய்தார், என் கண்ணால் பார்த்தேன், முப்பது ரூபாயை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார், உள்ளேயிருந்து வளையல் போட்ட ஒரு கை நாலு டிக்கெட்டைக் கொடுத்தது, வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார், அவ்வளவுதான். எனக்கும் அவருக்கும் பத்துப் பத்து, மகள் ஹாஜராவுக்கு ஐந்து, அவளுக்கு ஒன்பது வயது, சரி, மிச்சம் ஐந்து யாருக்கு? சுல்தானுக்கா? அவனுக்கு நாலு வயது நிறையவில்லை, தகப்பன் காதைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இலவசம் என்று பலகையே கூவுகிறது, பலகை கூவாவிட்டாலும் எட்டு வயதுப் பிள்ளையை நாலு என்று சாதித்து, நாலாகவே காட்டுவதற்காக அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்கள் நாங்கள், இவர் அதிலும் மன்னன், இவர் போய்…

ஐந்து ரூபாய்க்கா இவ்வளவு என்று கேட்கிறவர்கள் வியாபாரி வீட்டில் பிறக்காதவர்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. என் வாப்பா பழைய இரும்பு வியாபாரம், கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு திரைச்சீலை, அந்தச் சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து பேரம் கேட்டு வளர்ந்தவள் நான், எந்த மூச்சில் ஒரு மனிதன் இறங்கி வருவான் என்பது எனக்கு முகம் பார்க்காமலே தெரியும், அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த இவர் எங்களையே தோற்கடித்தார், கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம், முடிவெட்டுக்குப் பேரம், தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் ஊசிக்குப் பேரம் பேசி அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், போன வாரம் பெருநாளைக்குக் கிடாய் வாங்கப் போய் அது கால் வலித்துப் படுத்துவிடுகிற வரைக்கும் பேசினார், படுத்த கிடாய்க்கு என்ன விலை என்று அப்புறம் வேறு பேரம். அது கஞ்சத்தனம் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன், எங்கள் பக்கம் பேரம் பேசாமல் பணம் கொடுப்பது மரியாதைக் குறைவு, உன்னோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி. அப்படிப்பட்டவர் ஐந்து ரூபாயைச் சும்மா விட்டார் என்றால் என்ன அர்த்தம், கவனமில்லையா, வெயிலா, நோன்பு முப்பதும் பிடித்த களைப்பு இன்னும் இறங்கவில்லையா… இல்லை, காலையில் இன்னொன்றும் நடந்தது, அதை அப்போதே மடியில் முடிந்து வைத்தேன், எங்கே சேர்ப்பது என்று தெரியாமல்.

காலையில் வேன் வந்தது. என் அண்ணன் கலந்தருடைய வேன், கலந்தர் காக்கா தன் வண்டியை யாருக்காவது இரவல் கொடுத்தால் முதலில் மீட்டர் முள்ளைக் காட்டி, பார்த்துக்க, இந்த இடத்துல நிக்கணும், திரும்பி வரும்போதும் இந்த இடத்துலயே நிக்கணும் என்று சொல்லித்தான் சாவியைக் கையில் போடுவார், கூடப் பிறந்தவள் நான், எனக்கும் முள்ளைக் காட்டியிருக்கிறார், இன்றைக்குச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு முள்ளைப் பற்றி மூச்சு விடவில்லை, ஏறி உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்தேன், டேங்க் நிறைய டீசல். போயிட்டு வாங்க, புள்ளைங்க சந்தோசமா இருக்கட்டும் என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை, வேன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். பட்டுக்கோட்டை தாண்டி ஒரத்தநாடு வருகிற வரைக்கும் நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன், ரோட்டின் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள், சம்பா அறுப்பு, வைக்கோல் தூசி உள்ளே அடித்தது, ஹாஜரா தும்மினாள், இவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார், பதினாலு வருஷம் சவூதியில், தமாமில் வண்டி உதிரிச் சாமான் கடையில் நின்றவர், மூன்று மாதம் முன்னால் முடித்துக்கொண்டு வந்துவிட்டார், இனி சபர் இல்லை, வெளிநாட்டுப் பிழைப்பு போதும் என்றார், சரி என்றேன், அடுத்தது என்ன என்று கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை, பார்ப்போம் ஜெய்த்தூன், பார்ப்போம். இப்போது கூட்டிப் பார்த்தால்… காசை விடாத ரெண்டு பேர், ஒரே நாளில், ஒருத்தர் டீசலை விடுகிறார், ஒருத்தர் ஐந்து ரூபாயை விடுகிறார், அவர்களுக்குள் ஏதோ கைமாறியிருக்கிறது, என்ன அது?

ரயில் வந்து நின்றது, அதை ரயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வயலில் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினைத் தூக்கி ஒரு தகரக் கூண்டுக்குள் வைத்துப் பச்சை அடித்திருக்கிறார்கள், டொக்கு டொக்கு டொக்கு என்று அதே சத்தம், மடை திறந்தால் தண்ணீர் வரும் போலிருக்கிறது, பின்னால் நாலு பெட்டி, பெட்டிக்கு ரெண்டு பலகை, முழங்கால் தாடையில் இடிக்கிறது. ஓட்டுகிற ஆள் இறங்கி வந்தார், முன்னால் வழுக்கை, காக்கிச் சட்டை, கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, இவரைப் பார்த்து, வாங்க பாய் என்றார், என்னைப் பார்த்து, வாங்க தங்கச்சி, பெருநாள் எல்லாம் நல்லபடியா ஆச்சா என்றார். யார் இது? இவர் சொன்னார், குழந்தைராஜ், தமாமில் என்னோட இருந்தாரு, வெல்டர், இந்த ஊர்க்காரரு. இதைச் சொல்ல மூன்று மூச்சு எடுத்துக்கொண்டார். கூட இருந்த சினேகிதரின் இடத்துக்கு வருகிறோம் என்றால் வேனில் சொல்ல என்ன, வழி நெடுகப் பாட்டுப் பாடினாரே, பாட்டுக்கு நடுவில் ஒரு வார்த்தை சொல்ல இடமில்லாமல் போயிற்றா, சினேகிதரின் இடம் என்பதால்தான் பேரம் பேசவில்லையோ என்று ஒரு நிமிஷம் மனம் ஆறப் பார்த்தது, ஆறவில்லை, சினேகிதரின் கடை என்றால் இவர் இன்னும் அதிகமாகப் பேசுவாரே, உரிமையோடு.

ஏறி உட்கார்ந்தோம், ஹாஜரா ஜன்னல் பக்கம், ஜன்னல் என்று ஒன்றுமில்லை, கம்பிதான், நான் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தேன், வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தது, இரும்புக்கடைக்காரன் மகளுக்கு வெள்ளி பெயிண்டைக் கண்டால் கை சும்மா இருக்காது, வீட்டுச் சாவியை எடுத்து நீட்டி ஒரு தட்டுத் தட்டினேன், நல்ல இரும்பு தட்டினால் பேசும், இது முனகியது, பெயிண்ட் பொருக்கோடு உரிந்து வந்தது, உள்ளே செம்மண் மாதிரி துரு, உப்புத் தின்ற இரும்பு, இதை எங்கே பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும், வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் தள்ளுவண்டி ஓடிய கம்பி, அந்த மாதிரிச் சரக்கு வந்தால் வாப்பா எடை போடுவதற்கு முன்னால் சம்மட்டியால் அடித்து உதிர்ப்பார், உதிர்ந்தது போக நிற்பதற்குத்தான் விலை. இதை முழு விலைக்கு எவனோ வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன், யார் அந்தப் புத்திசாலி… நினைத்தபோது சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் இதற்கு முன்னாலும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது, தேக்கு. ஊரெல்லாம் தேக்கு வளர்க்கிறேன், இருபது வருஷத்தில் லட்சாதிபதி என்று நோட்டீஸ் கொடுத்த காலம், இவர் லீவில் வந்திருந்தபோது எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் இவருக்காக மரம் நட்டிருப்பதாக ஒரு பத்திரம் வந்தது, மரத்துக்கு நம்பர் போட்டிருந்தார்கள், அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார், நான் சொன்னேன், ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன், போனார், போன இடத்தில் மரமும் இல்லை, மலையும் இல்லை. சட்டத்தை மட்டும் நான் கழற்றவிடவில்லை, வருகிறவர்களுக்கு அது எங்கள் தோப்பு என்று காட்டுவேன். அன்றைக்குப் போனது அவருடைய ரெண்டு வருஷத்துச் சம்பளம், போகட்டும் என்று விட்டேன், மனை இருக்கிறதே என்று.

மனை. அந்தச் சொல் மனதில் வந்ததும், இல்லை, இருக்காது என்று தள்ளினேன், ரயில் நகர்ந்தது, ஹாஜரா கையை வெளியே நீட்டி யாருக்கோ டாட்டா காட்டினாள், சுல்தான் கூ என்றான். எங்கள் ஊர் வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, எங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், அதனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், வீடு இல்லாத பெண்ணைப் பற்றி யாரும் வாசலில் நின்று விசாரிக்கக்கூட மாட்டார்கள், ஆண்கள் சபர் போவது அதற்குத்தான், அக்காள் தங்கைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கட்டி முடிக்கும்போது தலை நரைத்துவிடும். ஹாஜரா பிறந்த வருஷம் கடைத்தெருவுக்குப் பின்னால் இவர் ஒரு மனை வாங்கினார், பத்திரம் இவர் பெயரில்தான், ஆனால் ஊரில் அதற்குப் பெயர் ஹாஜரா மனை, அங்கே ஆடு மேய்க்கிறவன்கூட ஹாஜரா மனையில் கட்டியிருக்கேன் என்றுதான் சொல்வான், அவள் பள்ளி விட்டு வந்ததும் போய்ப் பொறுக்கிய கல்லையெல்லாம் வரிசையாக வைத்து அறை பிரித்திருக்கிறாள், இது அடுப்படி, இது உம்மா வந்தா படுக்கிற அறை, இது சுல்தான் வந்தா, ஆனா அவன் ராத்திரி தங்கக்கூடாது, ஒரு முருங்கைப் போத்து நட்டிருக்கிறாள், தளிர் விட்டிருக்கிறது.

அப்போதுதான் வளைவு வந்தது, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயிலிருந்து பிரிகிற வாய்க்கால் பக்கம், ஆற்றில் தண்ணீர் நிறுத்தி நாலைந்து நாள்தான் ஆகிறது, கரை இன்னும் ஊறிக் கிடக்கிறது, களிமண், நேற்றுவரை நெல் விளைந்த பூமி, அதன் மேல் செம்மண்ணைக் கொட்டி நிரவினால் அது தான் வயல் என்பதை மறந்துவிடுமா, இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தது, முன் சக்கரம் கம்பியை விட்டு நழுவிச் சேற்றில் உட்கார்ந்தது, நிறையச் சத்தம், கொஞ்சம் புகை, யாருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள், இதுவும் காசில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள் போல, பின் பெட்டியிலிருந்த ஒரு பெரியவர், காசு குடுத்து ஏறி நடந்து போறது இதுதாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். எல்லோரும் இறங்கினோம். என் புருஷன் சுல்தானை என் கையில் கொடுத்தார், கொடுத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் கையை விட்டார், குனியவில்லை, பார்க்கவில்லை, பேச்சு குழந்தைராஜோடு, கை மட்டும் பலகைக்கு அடியில் போய் ஒரு கடப்பாரையை உருவிக்கொண்டு வெளியே வந்தது.

என் வீட்டில் பதினோரு வருஷமாக உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. லீவில் வந்தாலும் சரி, நிரந்தரமாக வந்து மூன்று மாதம் ஆனாலும் சரி, தீப்பெட்டி எங்கே ஜெய்த்தூன், துண்டு எங்கே ஜெய்த்தூன். இங்கே பலகைக்கு அடியில் கடப்பாரை இருப்பது தெரிகிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிகிறது. எல்லாம் ஒரு நொடியில் வந்து உட்கார்ந்தது, டீசல், ஐந்து ரூபாய், கடப்பாரை… தன் கடையில் தானே பேரம் பேசுகிறவன் உண்டா, இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் போடுகிற காசை எவனாவது எண்ணுவானா, அதுதான் அந்த ஐந்து ரூபாய், பேரம் பேச மறந்தே போய்விட்டார், வேறு எதையும் மறைக்கத் தெரிந்தவர் அதை மறைக்க மறந்துவிட்டார். உப்பு இரும்பை முழு விலைக்கு வாங்கிய புத்திசாலி யார் என்று தேடினேனே, பிள்ளையைப் பிடி என்று இப்போதுதான் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து அவரும் குழந்தைராஜும் நெம்பினார்கள், வேட்டிக்காரரும் ஒரு கை கொடுத்தார், ஏறிவிட்டது, சேற்றைத் தட்டிக்கொண்டு இவர் நிமிர்ந்தபோது நான் பக்கத்தில் நின்றேன், ஹாஜராவைத் தம்பியோடு வாய்க்கால் மேட்டில் கொக்கு பார்க்க அனுப்பியிருந்தேன்.

“எதை வித்தீங்க?”

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். எனக்குத் தெரியும், எங்கள் கடையில் திருட்டுச் சரக்கோடு வருகிறவர்கள் இப்படித்தான் துடைப்பார்கள்.

“காக்காதான் எடுத்துக்கிட்டாரு, ஜெய்த்தூன். வெளியில போகல.”

“வெளியில போகல.”

“அவருக்கும் மூணு பொம்பளப் புள்ளைங்க…”

அதைக் கேட்டதும் நான் சிரித்தேன், அழுகைக்குப் பதில் சிலருக்குச் சிரிப்பு வரும், எனக்கு அந்த வியாதி உண்டு. என் மகள் கல் பொறுக்கி அறை பிரித்த இடத்தில் என் அண்ணன் மகளுக்கு அஸ்திவாரம் வெட்டப் போகிறார்கள், நான் போய்ப் பால் காய்ச்ச வேண்டும், அதற்கு விலையாக எனக்கு டேங்க் நிறைய டீசல். எவ்வளவுக்கு என்று கேட்டேன், சொன்னார், அந்தத் தொகையை நான் என் வாயால் சொல்ல மாட்டேன், சொன்னால் வாப்பா கபரை விட்டு எழுந்து வந்துவிடுவார். அவர் எவ்வளவு கேட்டாரு, நீங்க எவ்வளவு சொன்னீங்க, எங்கே முடிஞ்சுது என்று கேட்டேன், ஏன் கேட்டேன், போன பொருளுக்குப் பேரத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவரு சொன்னாரு, சரின்னுட்டேன் என்றார். சரின்னுட்டாராம். கிடாய் படுக்கிற வரைக்கும் பேசியவர், என் மகளின் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, விற்றதுகூட இல்லை, விற்கிறவன் ஆயிரம் கஷ்டத்தில் விற்பான், பேசாமல் விற்றாரே… பேசினால் எங்கே மனம் மாறிவிடுமோ என்று பயந்து பேசாமல் விட்டாரா, அப்படியென்றால் அவருக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தேதான்…

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ.”

“சொல்லத்தான் செய்வேன். அதுக்குத்தான் கேக்குறது.”

குழந்தைராஜ் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் போய் ஒன்றுமில்லாத இடத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வேட்டிக்காரர், போகுமா போகாதா என்று கேட்டார், போகும் பெரியப்பா, உக்காருங்க என்றார் என் புருஷன், அந்தக் குரல் எனக்குப் புதுசு, கடைக்காரன் குரல், முதலாளி குரல், என் வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, சண்டைக்குச் சொல்லவில்லை, சமாதானத்துக்கும் சொல்லவில்லை, விசாரிக்கிற மாதிரி சொன்னார்.

“நான் பொறந்த வீடு என் தங்கச்சி வீடு. நான் இருக்கிறது உன் வீடு. வாங்கினது ஹாஜரா மனை. எனக்கு எங்க ஜெய்த்தூன்?”

“அதுக்கு ரயில்லயா குடியிருக்கப் போறீங்க?”

பட்டென்று வந்துவிட்டது, நல்ல பதில்தான், எங்கள் கடையில் இப்படி ஒரு பதில் சொன்னால் எதிராளி எழுந்து செருப்பைத் தேடுவான், இவர் எங்கும் போகவில்லை, பெட்டியில் ஏறி உட்கார்ந்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டார், ரயில் கிளம்பியது, நானும் உட்கார்ந்திருக்கிறேன், வேறு எப்படித் திரும்பிப் போவது, நடுவயலில் இறக்கிவிட்டுவிட்டுப் பேசுகிற பேச்சா இது… கோபத்தில் பார்வை ஓரிடத்தில் நிற்கவில்லை, அவர் காலைப் பார்த்தேன். ஒரு காலைப் பலகை மேல் மடித்து வைத்திருக்கிறார், செருப்பைக் கழற்றிவிட்டு, சேறு காய்ந்த பாதத்தைக் கையால் தேய்த்துக்கொண்டு, முதுகைக் கம்பியில் முழுக்கச் சாய்த்து. என் வீட்டில் இவர் ஒருநாளும் காலை மடித்து உட்கார்ந்ததில்லை. கல்யாணமான முதல் நாள் கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார், மாப்பிள்ளை உட்காருங்க, நல்லா உட்காருங்க என்று வாப்பா சொன்னார், வாப்பா மவுத்தாகி ஆறு வருஷம் ஆகிறது, இவர் இன்னும் நுனியில்தான் உட்கார்கிறார், கறி ஆணத்தில் நல்ல இறைச்சித் துண்டு அவர் தட்டில்தான் விழும், இனிப்புக்கு முதல் வட்டலப்பம் அவருக்குத்தான், துண்டு கேட்டால் புதுத் துண்டு கொடுப்போம், விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி… விருந்தாளிக்கு. உப்பு ஜாடி எங்கே என்று விருந்தாளிக்குத் தெரியுமா? தெரியாததற்கு நானா பொறுப்பு, யார் இவரை நுனியில் உட்காரச் சொன்னது, நாற்காலி முழுசாகத்தானே கிடந்தது… அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிற மாதிரித் தெரிய ஆரம்பித்தால் கோபம் குறைய வேண்டும் என்பார்கள், எனக்குக் கூடியது. நியாயமில்லாதவனோடு சண்டை போடுவது எளிது, நாலு நாளில் முடிந்துவிடும், இது முடியாது போலிருக்கிறதே, காலை மடித்து உட்கார்ந்திருக்கிறாரே மனிதர், என் மகள் வீட்டின் மேல்.

ஹாஜரா கேட்டாள், வாப்பா, இந்த ரயிலு யாரோடது? நான் வெளியே பார்த்துக்கொண்டேன், அறுத்த வயலின் நெல் தாளில் வாத்துக் கூட்டம் மேய்கிறது, சொல்லட்டும், இவரே சொல்லட்டும். நம்மளோடது, பாதி என்றார். பாதியா, எந்தப் பாதி வாப்பா, முன்னாடியா பின்னாடியா என்றாள் அவள், என் மகள்தான், பங்கு என்றால் எல்லையைக் கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. அவர் சிரித்துவிட்டார், பின்னாடி என்றார், ஹாஜரா நாலாவது பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், அப்ப அது எனக்கு என்றாள், சுல்தான் எனக்கு என்றான், அவள் அவனைத் தள்ளினாள். அவளுக்கு மனை போன விஷயம் யார் சொல்வது, எப்போது, முருங்கை காய்த்த பிறகா? இவர் சொல்ல மாட்டார், காக்கா வேனைத் துடைத்துக்கொண்டிருப்பார், கடைசியில் நான்தான் சொல்ல வேண்டும், விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், செய்தி சொல்கிற வேலை மட்டும் எனக்கு, கூலியில்லாமல்.

ரயில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது, சுற்று என்றால் அதுதானே, எங்கேயும் போகவில்லை. இவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு புங்க மரத்தடிக்குப் போனார், நெய்ச்சோறு ஆறிப்போகும், வா என்றார், நான் டிக்கெட் ஜன்னலுக்குப் போனேன். வரிசையில் ரெண்டு பேர் நின்றார்கள், நான் வரிசையில் நிற்கவில்லை. ஜன்னலுக்குள் குனிந்து, சின்னவனுக்கு நாலு வயசு என்றேன், அஞ்சு வயசுக்குள்ள இலவசம்னு எழுதியிருக்கு, முப்பது வாங்கியிருக்கீங்க, அஞ்சு ரூபாய் திருப்பிக் குடுங்க. உள்ளே இருந்தவள் என் வயதுக்காரி, மடியில் டிக்கெட்டுக் கட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பு, குழந்தைராஜ் பெண்சாதி என்று அவள் சொல்லாமலே தெரிந்தது, விண்ணரசி என்று பின்னால் சொன்னாள். வயசுக்கு அத்தாட்சி இருக்கா என்று கேட்டால் ஒரு பாட்டம் சண்டை போடலாம் என்று தொண்டையைத் தயாராக வைத்திருந்தேன், யாரோடாவது பேரம் பேசியே ஆக வேண்டும் எனக்கு. அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், மரத்தடியில் இவரைப் பார்த்தாள், இப்பத்தான் தெரியுமா அக்கா என்றாள். கல்லாவைத் திறந்து ஒரு ஐந்து ரூபாய் நோட்டை எடுத்தாள், மடிப்பை நீவி என் கையில் வைத்தாள், வைக்கும்போது தலை குனிந்தது, முக்காடு மாதிரி போட்டிருந்த முந்தானை நழுவியது, அவள் காதில் கம்மல் இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ரெண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள். கம்மல் இன்ஜினுக்குப் போச்சா என்றேன். தகரம் என்றாள், மேல போட்ட தகரம், இன்ஜின் எங்க மாமியாரோட ரெட்டைவடச் சங்கிலி. பின்னால் நின்றவன், சீக்கிரம் குடுங்க, ரயிலு கிளம்புது என்றான், பெரியவர் ரெண்டு, சின்னது மூணு, அதுல ஒண்ணு கைப்புள்ள என்றான், அந்தக் கைப்பிள்ளை பாட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு வயது இருக்கும். டிக்கெட் போடுங்க, அதுக்கு ஏழு வயசு என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன்? எனக்கென்ன வந்தது?

நோட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கிறேன். ரயில் கிளம்புகிறது, மூன்றாவது பெட்டியில் ஒரு பலகை காலி, ஹாஜராவின் நாலாவது பெட்டியில் ஒருவருமே இல்லை, அந்த வளைவில் களிமண்ணை வெட்டி எடுத்துவிட்டுக் கருங்கல் ஜல்லி போட வேண்டும், கம்பியை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு விலை மற்ற நாளில் ஒரு விலை வைத்தால்… இல்லை, நான் அதையெல்லாம் நினைக்கவில்லை, எனக்குக் கோபம், இன்றைக்கு மட்டுமில்லை, நாளைக்கும் இருக்கும், காக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது முள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன், சொட்டு டீசல் இருக்காது. மரத்தடியில் சுல்தான் வட்டலப்பத்தில் கையை விட்டுவிட்டான், இவர் காலை மடித்து உட்கார்ந்து என் தட்டை மூடி வைத்துக் காத்திருக்கிறார். வரவு, ஐந்து ரூபாய். பற்று, ஒரு மனை, தளிர் விட்ட முருங்கை ஒன்று, வரிசை வைத்த கல் அத்தனையும், ஒரு ஜோடிக் கம்மல்… கம்மல் எப்படி என் கணக்கில் வந்தது, அதை அடிக்க வேண்டும், அடிக்கக் கை வரவில்லை, இருக்கட்டும். பாக்கி, ஒரு வீடு.